பாக்ஸர் நாய் வளர்க்கும் முன்

பத்துமலை அடிவாரத்தில் உள்ள ஒரு வீடமைப்புப் பகுதி. அங்கு ஒரு தரை வீட்டில் ஐவர் கொண்ட குடும்பம் வாழ்வதாக எண்ணிக்கொள்வோம். அப்பாவும் அம்மாவும் வேலைக்குச் செல்கின்றனர். பாட்டி வீட்டில் இருக்கிறார். இரண்டாம் படிவத்தில் பயிலும் மகனும் ஐந்தாம் ஆண்டில் பயிலும் மகளும் சில வாரங்களாக ஒரே பேச்சைப் பேசுகின்றனர். அவர்களுக்கு நாய் வேண்டும். அதுவும் பாக்ஸர் நாய்தான் வேண்டும். கைப்பேசியில் பார்த்த குட்டியின் சுருங்கிய நெற்றியும் சப்பை மூக்கும் பெரிய கண்களும் அவர்கள் மனத்தைக் கவர்ந்துவிட்டன.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இத்தகைய ஆசை எழும் வீடுகள் பல. குட்டியை வாங்குவதற்கு ஒரு நாள் போதும். ஆனால், பாக்ஸர் நாயின் ஆயுட்காலம் பொதுவாகப் பத்து முதல் பன்னிரண்டு ஆண்டுகள். அத்தனை ஆண்டுகளும் அந்த நாய் வீட்டாரிடம் என்ன எதிர்பார்க்கும், வீட்டார் அதனிடம் என்ன எதிர்பார்க்கலாம் என்பதை முன்னரே அறிந்துகொள்வது நல்லது.

பின்னணி

பாக்ஸர், ஜெர்மனி நாட்டில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவான நாயினம். பெரிய விலங்குகளை வேட்டையாடப் பயன்பட்ட ஜெர்மானிய நாய்களையும் இங்கிலாந்தின் புல்டாக் நாய்களையும் இணைத்து இவ்வினம் உருவாக்கப்பட்டது. 1895ஆம் ஆண்டு மூனிக் நகரில் பாக்ஸர் நாய் கண்காட்சிக்கு வந்தது. பின்னர், காவல்துறைப் பணியிலும் முதல் உலகப்போரில் செய்தி கொண்டு செல்லும் பணியிலும் இந்நாய்கள் ஈடுபடுத்தப்பட்டன. விளையாடும்போது முன்னங்கால்களைத் தூக்கிக் குத்துச்சண்டை வீரரைப்போல் வீசுவதால்தான் இதற்கு இப்பெயர் வந்தது என்று கூறுவோரும் உள்ளனர்.

அறிவியல் வரலாற்றிலும் பாக்ஸருக்கு ஓர் இடம் உண்டு. நாயின் முழு மரபணுத் தொகுதியை அறிவியலாளர்கள் விரிவாக ஆராய்ந்து 2005ஆம் ஆண்டு வெளியிட்டனர். அந்த ஆய்வுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது 'தாஷா' என்ற பெண் பாக்ஸர் நாய். மனிதருக்கும் நாய்க்கும் பொதுவாக வரும் நோய்களை ஆராய அந்த ஆய்வு இன்றும் உதவுகிறது.

வளர்ச்சியும் குணமும்

கையில் அடங்கும் குட்டி ஓராண்டுக்குள் பெரிய நாயாகிவிடும். முழு வளர்ச்சியடைந்த ஆண் பாக்ஸரின் எடை 30 கிலோகிராமுக்கு மேல் இருக்கும். பெண் நாயின் எடை ஏறத்தாழ 25 கிலோகிராம். ஆண் நாயின் எடை, கடையில் விற்கும் பத்துக் கிலோ அரிசிப் பைகள் மூன்றை ஒன்றாகச் சேர்த்த எடைக்குக் குறையாது. ஆனால், உடல் வளர்ந்த வேகத்தில் குணம் முதிர்ச்சி அடைவதில்லை. இரண்டு, மூன்று வயது வரையிலும் பாக்ஸர் குட்டியைப்போலவே துள்ளும். வீட்டார் வாசலில் கால் வைத்தவுடன் உடலை வளைத்து நெளிந்து ஓடி வரும். பாய்ந்து மேலே ஏறும். பாட்டியும் சிறுவர்களும் இருக்கும் வீட்டில் அந்தப் பாசமே ஆபத்தாகலாம். 30 கிலோ எடையுள்ள நாய் அன்போடு பாய்ந்தாலும் முதியவர் கீழே விழக்கூடும்.

ஆதலால், குட்டி வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே பயிற்சியைத் தொடங்க வேண்டும். 'உட்கார்', 'நில்', 'வா' போன்ற கட்டளைகளை நாளுக்கு இரண்டு முறை, ஐந்து அல்லது பத்து நிமிடம் கற்பித்தால் போதும். சொன்னதைச் செய்தவுடன் பாராட்டிச் சிறு தின்பண்டம் கொடுக்கலாம். பாக்ஸர் கூர்மையான அறிவுடையது; ஆனால், மனம் மென்மையானது. அதட்டியும் அடித்தும் பழக்கினால் அது அஞ்சி ஒதுங்கும், கற்றுக்கொள்ளாது.

பாக்ஸர் மனிதரோடு ஒட்டி வாழும் நாய். காவலுக்கு மட்டும் வாங்கிக் கார் நிறுத்துமிடத்தில் கட்டிப்போட்டால் அதற்குப் பொழுது போகாது. காலணிகளைக் கடிக்கும், தோட்டத்தைத் தோண்டும், ஓயாமல் குரைக்கும். இவற்றைக் குறும்பு என்று கருதுவோர் பலர். உண்மையில் அவை தனிமையின் அறிகுறிகள். உறங்கும்போது குறட்டை விடுவதும் வாயிலிருந்து எச்சில் வடிவதும் இந்த இனத்தின் இயல்பு. அவற்றைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

வெப்பம் என்னும் சோதனை

குளிர்நாட்டில் உருவான பாக்ஸருக்கு நம் நாட்டு வெப்பமே பெரிய சோதனை. கிள்ளான் பள்ளத்தாக்கில் பகல் வெப்பம் பெரும்பாலும் 32, 33 பாகை செல்சியஸை எட்டும். காற்றில் ஈரப்பதமும் மிகுதி.

மனிதருக்கு உடல் முழுவதும் வியர்க்கும். நாய்க்கு அவ்வாறு வியர்ப்பதில்லை. அது மூச்சிரைத்தே உடலைக் குளிர்விக்கிறது. நாக்கு, வாய், மூக்கு ஆகியவற்றின் ஈரம் காற்றில் ஆவியாகும்போது உடல் சூடு தணிகிறது. பாக்ஸரின் மூக்கு குட்டையாக இருப்பதால் காற்று செல்லும் பாதையும் குறுகியது. ஆகவே, நீண்ட மூக்குடைய நாயைப்போல் அதனால் எளிதில் சூட்டைத் தணித்துக்கொள்ள இயலாது. ஈரப்பதம் மிகுந்த காற்றில் நீர் மெதுவாகவே ஆவியாவதால் சிரமம் இன்னும் கூடுகிறது.

எனவே, உலாவுக்கு அழைத்துச் செல்ல ஏற்ற நேரம் சூரியன் ஏறுவதற்கு முந்திய காலையும் அது மறைந்த பிறகான மாலையுமே. மாலையிலும் தார்ச்சாலை சூடாக இருக்கலாம். புறங்கையைச் சாலையில் சில விநாடிகள் வைத்துப் பார்க்க வேண்டும். கை பொறுக்காத சூட்டை நாயின் பாதமும் பொறுக்காது. பகலில் நாய்க்கு நிழலும் காற்றாடியும் குளிர்ந்த தரையும் எந்நேரமும் குடிநீரும் தேவை. நிறுத்தி வைத்த காருக்குள் அதைச் சில நிமிடங்கூட விட்டுச் செல்லக்கூடாது.

இரைப்பு நிற்காமல் சத்தமாகத் தொடர்வது, நாக்கும் ஈறும் கடுஞ்சிவப்பாக மாறுவது, எச்சில் பிசுபிசுப்பாவது, நடை தள்ளாடுவது, வாந்தி எடுப்பது ஆகியவை வெப்பத் தாக்கத்தின் அடையாளங்கள். அப்போது உடனடியாக நாயை நிழலுக்குக் கொண்டுசென்று, உடல் முழுவதும் குளிர்ந்த நீரை ஊற்றிக் காற்றாடியைப் போட வேண்டும். மயங்கிய நாயின் வாயில் நீரை ஊற்றக்கூடாது, மூச்சுக்குழாயில் புகுந்துவிடும். பிறகு, தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். இந்நிலையில் நாயின் உயிர் நிமிடக்கணக்கில் ஊசலாடும்.

உணவும் உடல்நலமும்

குட்டியை எட்டு வாரத்திற்கு முன் தாயிடமிருந்து பிரிக்கக்கூடாது. வாங்கும் முன் தாய் நாயை நேரில் பார்ப்பதும், தாய் தந்தை நாய்களின் இதயப் பரிசோதனை பற்றிக் கேட்பதும் அறிவுடைமை. பாக்ஸர் இனத்தில் இதயத் தசை நோயும் புற்றுநோயும் பிற இனங்களைவிட மிகுதியாகக் காணப்படுகின்றன. விளையாடிக்கொண்டிருந்த நாய் திடீரென மயங்கி விழுந்தால் அதைக் களைப்பு என்று விட்டுவிடக்கூடாது. தோலில் புதிய கட்டி தென்பட்டாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். வெண்ணிறப் பாக்ஸர் அரிய வகை என்று கூறிக் கூடுதல் விலை கேட்பவர்களும் உண்டு. உண்மையில் வெண்ணிறக் குட்டிகள் அடிக்கடி பிறக்கின்றன. அவற்றுள் சிலவற்றுக்குக் காது கேட்பதில்லை.

நம் நாட்டில் உண்ணியால் பரவும் காய்ச்சலும் கொசுவால் பரவும் இதயப்புழு நோயும் நாய்களைத் தாக்குகின்றன. மாதந்தோறும் தடுப்பு மருந்து கொடுப்பதும், உலாவிலிருந்து திரும்பியதும் காதுமடல், விரலிடுக்கு ஆகிய இடங்களைத் தடவிப் பார்ப்பதும் நோய்களைத் தவிர்க்க உதவும். தடுப்பூசிகளையும் குறித்த காலத்தில் போட வேண்டும்.

பண்டிகைக் காலத்தில் கூடுதல் கவனம் தேவை. வெங்காயம் சேர்த்த ஆட்டிறைச்சிக் கறி, சாக்லெட், உலர்திராட்சை ஆகியவை நாய்க்கு நஞ்சு. வேகவைத்த எலும்பு உடைந்து குடலைக் கிழிக்கலாம். விருந்தினர் அன்போடு ஊட்ட வந்தாலும் மறுக்கும் துணிவு வீட்டாருக்கு வேண்டும்.

அண்டை வீட்டாரும் சட்டமும்

ஊராட்சி மன்றங்கள் நாய்களுக்கு ஆண்டுதோறும் உரிமம் வழங்குகின்றன. பத்துமலைப் பகுதி செலாயாங் நகராண்மைக் கழகத்தின் கீழ் வருகிறது. வீட்டின் வகைக்கேற்ப எத்தனை நாய் வளர்க்கலாம் என்பதை அங்குக் கேட்டறிய வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்புகள் பலவற்றில் நாய் வளர்க்க அனுமதி இல்லை. 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், வளர்ப்பு விலங்குக்கு உகந்த இடமும் உணவும் அளிப்பதை உரிமையாளரின் கடமையாக்கியுள்ளது. விலங்கை வதைப்போருக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம்.

சட்டத்தைப் போலவே நல்லிணக்கமும் முக்கியம். பல இனத்தவர் வாழும் தாமானில் நாயின் எச்சில் படுவதைத் தவிர்க்கும் முஸ்லிம் அண்டை வீட்டாரும் இருப்பர். பாக்ஸரோ எச்சில் வடிய ஓடிச்சென்று எவரையும் வரவேற்கும் நாய். ஆகவே, வெளியே செல்லும்போது வாரைக் குறுக்கிப் பிடித்து, எதிரே வருவோருக்கு ஒதுங்கி வழிவிடுவது பண்பாகும். நாயின் கழிவை அள்ள எப்போதும் பையோடு செல்ல வேண்டும்.

பத்துமலைக்கே உரிய சூழலையும் மறக்கக்கூடாது. தைப்பூசக் காலத்தில் இலட்சக்கணக்கான மக்கள் திரள்வர். உறுமி ஒலி நெடுந்தூரம் கேட்கும். குன்றுப் பகுதிக் குரங்குகள் வீட்டுப் பக்கம் வருவதும் உண்டு. குரங்கைக் கண்டால் பாக்ஸர் துரத்தும், கடிபட்டுத் திரும்பும். அத்தகைய நாள்களில் வாயிற்கதவைப் பூட்டி, நாயை வீட்டுக்குள் வைத்திருப்பது நல்லது.

பத்தாண்டுக் கணக்கு

நாளுக்கு இரண்டு உலா என்றால் பத்தாண்டுகளில் 7,300 உலா. இரண்டாம் படிவ மாணவனுக்கு இப்போது வயது பதினான்கு. அவன் பதினெட்டு வயதில் மேற்படிப்புக்காக வெளியூர் செல்லும்போது நாய்க்கு நான்கு வயதுதான் ஆகியிருக்கும். அதற்குப் பின் விடியற்காலையில் அதை வெளியே அழைத்துச் செல்வது யார்? பாட்டியால் 30 கிலோ நாயை இழுத்துப் பிடிக்க முடியுமா? மருத்துவச் செலவுக்கு மாதந்தோறும் பணம் ஒதுக்க இயலுமா?

இக்கேள்விகளை அந்தக் குடும்பம் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒருவர் பெயரை எழுதிப் பார்க்க வேண்டும். எல்லா வரியிலும் பெயர் நிரம்பினால் அந்த வீடு பாக்ஸருக்கு ஏற்ற வீடு. பாசமும் விளையாட்டும் கண்காணிப்பும் நிறைந்த ஒரு தோழன் அங்கு வளருவான். சில வரிகள் வெறுமையாக இருந்தால் காத்திருக்கலாம். அல்லது, நம் வெப்பத்திற்குப் பழகிய உள்ளூர் நாய் ஒன்றை விலங்குக் காப்பகத்திலிருந்து தத்தெடுப்பது பற்றிச் சிந்திக்கலாம். அதற்கும் உலாவும் உணவும் மருத்துவமும் தேவைதான். ஆனால், வெயில் அதன் மூச்சை இந்த அளவுக்குச் சோதிக்காது.

நாய் வேடம் போட்டால் குரைத்துத்தான் ஆக வேண்டும் என்பது பழமொழி. ஒரு பொறுப்பை ஏற்றவர் அதற்குரிய கடமையையும் செய்தே தீர வேண்டும் என்பது அதன் பொருள். வளர்க்க முடியாமல் சாலையோரம் கைவிடப்படும் நாய் எந்தத் தவறும் செய்யவில்லை. அதைக் கொண்டுவந்த நாளில் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளை அந்த வீட்டார் கேட்கவில்லை. அதற்கான விலையை நாய் கொடுக்கிறது.