எரிநட்சத்திரத்தைப் பார்த்தால் சொல்லக்கூடாதா?

வாசல் தெளிக்கவோ பால் கறக்கவோ விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து வருகிறவர்களுக்குத்தான் அந்தக் காட்சி கிடைக்கும். வானத்தில் திடீரென்று பச்சை கலந்த வெளிச்சம் ஒன்று பாயும். கையிலிருக்கும் சொம்புக்குக்கூட தரையில் நிழல் விழுந்து நகரும். மூன்று நான்கு விநாடிக்குள் மறுபடி இருட்டு. "பச்சை மரத்தைப் பாரு, யாருகிட்டயும் சொல்லிடாத" என்று சில ஊர்களில் பெரியவர்கள் எச்சரிப்பார்கள். எரிநட்சத்திரம் பற்றிய நம்பிக்கைகளில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது இந்தச் 'சொல்லாதே'தான்.

வருவது நட்சத்திரம் அல்ல. சிறுகோளிலிருந்தோ வால்நட்சத்திரத்திலிருந்தோ பிரிந்த துணுக்கு, விநாடிக்கு 11 முதல் 72 கிலோமீட்டர் வேகத்தில் காற்று மண்டலத்துக்குள் நுழைகிறது. அதன் முன்னால் அகப்பட்ட காற்று நசுங்கிக் கொதித்து ஒளிர்கிறது. விடிவெள்ளியை மிஞ்சும் வெளிச்சம் இருந்தால் அது தீப்பந்து. நள்ளிரவுக்குப் பிறகு நாம் நிற்கும் பக்கம், பூமி சூரியனைச் சுற்றி ஓடும் திசையை நோக்கித் திரும்புகிறது. ஓடும் பஸ்ஸின் முன்கண்ணாடியில்தானே மழை அதிகம் அடிக்கும்? விடியலை ஒட்டி இவை அதிகம் தென்படுவதும் அதனால்தான்.

'பெரிய தலை ஒன்று சாயும்' என்ற பயம் மிகப் பழையது. புறநானூற்றின் 229ஆம் பாட்டில், ஒரு பங்குனி நள்ளிரவில் வானத்து மீன் எரிந்து விழக் கண்டு கூடலூர் கிழார் கலங்குகிறார். ஏழாம் நாள் சேரமான் மாந்தரஞ்சேரல் இரும்பொறை இறந்துபோகிறான். உலகம் முழுவதும் நாள்தோறும் ஆயிரக்கணக்கில் தீப்பந்துகள் தோன்றுகின்றன. கடலுக்கு மேலும் பகலிலும் வருவதால் பெரும்பாலானவை நம் கண்ணில் படுவதில்லை. எந்த அரசன் எந்த நாளில் இறந்தாலும் முந்தின வாரத்தில் எங்கோ ஒன்று விழுந்தே இருக்கும். ஆனால் அந்தப் புலவர் செய்திருக்கும் இன்னொரு காரியத்தைப் பாருங்கள். மாதம் சொல்கிறார், பொழுது சொல்கிறார். உச்சியிலிருந்து எந்த மீன் சாய்ந்தது, எது எழுந்தது, எது மறைந்தது என்கிறார். விழுந்தது கிழக்கேயும் போகவில்லை, வடக்கேயும் போகவில்லை என்று திசைகூடச் சொல்கிறார். இன்றைய வானியலாளர்கள் கேட்பதும் கிட்டத்தட்ட இதே தகவலைத்தான். அவ்வளவு பயந்தவரே வாய்மூடி இருக்கவில்லை.

'பக்கத்து மலைக்குப் பின்னாலதான் விழுந்துச்சு' என்பது கண் செய்யும் மயக்கம். பெரும்பாலும் தரைக்கு 20 கிலோமீட்டருக்கு மேலேயே வெளிச்சம் அணைந்துவிடும். அடிவானத்தில் மறைந்தது இருநூறு கிலோமீட்டர் தள்ளியும் இருக்கலாம். கல் மிஞ்சினாலும் ஒளியில்லாமல்தான் விழும். சூடு பட்டது சில விநாடிதான் என்பதால் உள்ளே குளிர்ந்தே இருக்கும். 2016 பிப்ரவரியில் நாட்றம்பள்ளி அருகே ஒரு பொறியியல் கல்லூரி வளாகத்தில் வெடிப்பில் ஒருவர் இறந்தபோது விண்கல் என்றே அறிவிக்கப்பட்டது. படங்களைப் பார்த்த நாசா விஞ்ஞானிகளோ, தரையில் நடந்த வெடிப்பு போலத்தான் தெரிகிறது என்றார்கள்.

சத்தமே இல்லாமல் போனால் ஆபத்து கடந்துவிட்டது என்று நினைப்பதுதான் உண்மையில் ஆளைக் காயப்படுத்தும். 2013 பிப்ரவரி 15 காலை ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரத்துக்கு அருகே சுமார் 20 மீட்டர் அகலப் பாறை ஒன்று 30 கிலோமீட்டர் உயரத்தில் வெடித்துச் சிதறியது. என்ன வெளிச்சம் என்று மக்கள் ஜன்னலுக்கு ஓடினார்கள். ஒலியும் அதிர்வலையும் வந்து சேர இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆனது. காயமடைந்த சுமார் 1,500 பேரில் பெரும்பாலோரைக் கிழித்தது உடைந்த கண்ணாடி. பாறை வந்த பாதையைக் கணக்கிட உதவியவை கார்களில் இருந்த கேமராக்களும், நகரச் சதுக்கத்தில் விளக்குக் கம்பங்களின் நிழல் சுழன்ற படங்களும்தான். அதே ஆண்டு அக்டோபரில் செபார்குல் ஏரியிலிருந்து அரை டன்னுக்கு மேல் எடையுள்ள கல்லை எடுத்தார்கள்.

ஆகவே பார்த்தால் சொல்லுங்கள். முதலில் ஜன்னலை விட்டு விலகி நில்லுங்கள். மணி என்ன, எந்தத் திசையில் தொடங்கி எங்கே அணைந்தது, எந்த மரத்துக்கு அல்லது கோபுரத்துக்கு மேலே, எத்தனை விநாடி, சத்தம் எவ்வளவு நேரம் கழித்து வந்தது என்று அன்றே எழுதி வையுங்கள். ஒரு ஊர்க்காரர் சொல்லும் திசையும் ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருப்பவர் சொல்லும் திசையும் வெட்டிக்கொள்ளும் இடத்தை வைத்துத்தான் உயரமும் பாதையும் தெரியவரும். உங்கள் தெருவிலோ பெட்ரோல் பங்க்கிலோ சிசிடிவி இருந்தால் அன்றைக்கே கேட்டு வாங்கிவிடுங்கள். சில நாள் போனால் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும்.