இயந்திர எழுத்தும் மனித எழுத்தும்: சங்கங்களுக்கு ஒரு பாடம்

(குரோம்பேட்டை, கூட்டுறவு ஆய்வாளர் ஒருவர்)

குரோம்பேட்டை என்னும் ஊர்ப்பெயர் ஒரு தொழில்முறையிலிருந்து பிறந்தது. சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கு இயங்கிய குரோம் தோல் தொழிற்சாலையை ஒட்டியே இப்பெயர் வழங்கலாயிற்று. அதற்கு முன்பெல்லாம் நம் நாட்டில் தோலை ஆவாரம்பட்டை கொண்டு பதப்படுத்துவதே வழக்கம். அதற்கு வாரக்கணக்கில் நாள் பிடிக்கும். குரோம் உப்பு கொண்டு பதப்படுத்தினால் சில நாட்களில் வேலை முடிந்துவிடும். அத்தோல் நீரில் ஊறினாலும் எளிதில் கெடாது. ஆகவே கிணற்றிலிருந்து கவலை இறைக்கும் தோற்பைகளுக்கு அது உகந்ததென்று சென்னை மாகாணத்தில் அம்முறையைப் பரப்ப முயன்ற ஆல்பிரட் சாட்டர்டன் என்னும் அதிகாரி கருதினார். எனினும் ஆவாரம்பட்டைத் தோலுக்குரிய வேலைகள் ஒழிந்துவிடவில்லை. இரண்டும் தோலே, இன்ன வேலைக்கு இன்னது என்று அறிந்து வாங்கினால் எவருக்கும் நட்டமில்லை. ஒன்றை மற்றொன்றெனச் சொல்லி விற்கும்போதுதான் குற்றம் பிறக்கிறது.

எழுத்து விஷயத்திலும் இன்று நாம் இத்தகைய நிலையில் நிற்கிறோம். நம் சங்கங்கள் பல, சேலைகளையும் விளைபொருள்களையும் இணையத்தின் வழியே விற்கத் தொடங்கியுள்ளன. வாங்குவோர் துணியைத் தொட்டுப் பார்க்க இயலாது. படத்தையும் அதனடியில் உள்ள விவரத்தையும் நம்பியே பணம் செலுத்துகின்றனர். அவ்விவரத்தை எழுதுவது யார், மனிதரா இயந்திரமா என்பது ஆகவே நம் விற்பனையைத் தொட்ட கேள்வியாகும்.

1. இயந்திரம் எவ்வாறு எழுதுகிறது?

2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி என்னும் செயற்கை நுண்ணறிவுச் சாதனம் பொதுமக்கள் பயன்பாட்டுக்கு வந்தது. அதன் பின் இத்தகைய சாதனங்கள் பல வந்துள்ளன. இவை கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, ஒரு சொல்லுக்குப் பின் எச்சொல் வருவது வழக்கம் என்பதைப் பழகியவை. கேள்வி கேட்டால் அப்பழக்கத்தின்படி அடுத்தடுத்த சொற்களைக் கோத்து விடை தருகின்றன. நடை சரளமாக இருக்கும். ஆனால் நம் கிடங்கில் உள்ள சேலை அவற்றுக்குத் தெரியாது. நாம் சொல்லாததைத் தம் பழக்கத்தைக் கொண்டு நிரப்பிவிடும்.

மேலும், இவை படித்தவற்றில் ஆங்கிலமே பெரும்பங்கு. தமிழின் பங்கு மிகச் சிறிது. அச்சிறு பங்கிலும் பாவு ஓட்டுவதைப் பற்றியும், கஞ்சியின் பதத்தைப் பற்றியும், கோர்வைக் கரை நெய்யும்போது பக்கத்து நாடாவைத் தள்ளும் துணையாளைப் பற்றியும் எழுதப்பட்டவை அதனினும் சிறிது. நம் தொழிலறிவில் பெரும்பகுதி வாய்மொழியாகவே வழங்கி வருகிறது. எழுதப்படாத ஒன்றை இயந்திரம் படித்திருக்க வழியில்லை.

2. நேரில் கண்ட ஒன்று

ஒரு நெசவாளர் சங்கத்தைப் பார்வையிடச் சென்றிருந்தேன். பெயர் வேண்டாம். இணைய விற்பனைக்கான விவரங்கள் அனைத்தையும் ஒரே பிற்பகலில் இயந்திரத்தைக் கொண்டு எழுதி முடித்துவிட்டதாக மேலாளர் மகிழ்ச்சியுடன் காட்டினார். படிக்க அழகாகவே இருந்தது. அரக்கு நிறப் பருத்திச் சேலை ஒன்றின் கீழ், அது இயற்கைச் சாயம் தோய்த்தது என்று கண்டிருந்தது. அச்சேலையை நெய்த அம்மையார் அருகில் பாவு பிணைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்டேன். "இல்லைங்க ஐயா, இது பட்டறையிலே போட்ட வாட் சாயம். நல்ல சாயந்தான். ஆனா இயற்கைச் சாயம்னு யார் சொன்னாங்க?" என்றார்.

யாரும் சொல்லவில்லை என்பதே உண்மை. கைத்தறிச் சேலை என்றவுடன் அச்சொல்லைச் சேர்ப்பது இயந்திரத்தின் பழக்கம். அதற்குள் அச்சேலைகளில் இரண்டு, இயற்கைச் சாயம் என்று நம்பியவர்களால் வாங்கப்பட்டுத் திரும்பியும் வந்துவிட்டன. "நாம் பொய் சொல்லவில்லை, இயந்திரம் அப்படி எழுதிவிட்டது" என்று மேலாளர் வருந்தினார். அவர் நேர்மையானவர். ஆயினும் நல்ல சாயமிட்ட நல்ல சேலை, தனக்கு வேண்டாத ஒரு பொய்யால் திரும்பி வந்தது. நெய்தவர் கைக்குக் குற்றமில்லாமல் நெய்தவர் பேர் கெட்டது.

3. இரண்டையும் ஒப்பிடுவோம்

அச்சேலைக்கு இயந்திரம் தந்த விவரத்தின் போக்கு இது: "பாரம்பரியமும் நவீனமும் கைகோக்கும் இச்சேலை, ஒவ்வோர் இழையிலும் கலைநயத்தை வெளிப்படுத்துகிறது. எந்த விழாவிற்கும் ஏற்ற நேர்த்தியான தேர்வு."

நெய்த அம்மையார் சொல்லச் சொல்ல நாங்கள் எழுதிய விவரம் இது: "பாவும் ஊடையும் 80-ஆம் நம்பர் பருத்தி நூல். நீளம் ஐந்தரை மீட்டர். ரவிக்கைத் துண்டு தனி. அரக்கு உடல், பச்சைக் கரை. வாட் சாயம். கஞ்சி போட்டது, இரண்டு மூன்று சலவைக்குப் பின் மிருதுவாகும். முதல் முறை தனியே அலசவும். ஒருவர் நெய்ய இரண்டு நாள்."

முன்னதில் சேலையின் பெயரை எடுத்துவிட்டு வேறெந்தச் சேலையின் பெயரை இட்டாலும் பொருந்தும். பின்னது அந்த ஒரு சேலைக்கே பொருந்தும். எந்த விவரத்தையும் சோதிக்க இதனினும் எளிய வழி இல்லை: பெயரை மாற்றிப் பாருங்கள்; அப்போதும் பொருந்துமாயின் அதில் செய்தி ஒன்றுமில்லை.

இங்கு ஓர் எச்சரிக்கை. மனிதர் எழுதியதெல்லாம் மெய்யென்று கொள்ளலாகாது. மிகைப்படுத்துதலும், பக்கத்துச் சங்கத்தின் வாசகத்தைப் பார்த்து எழுதுதலும் இயந்திரம் வரும் முன்பே நம்மிடம் இருந்தவைதாம். எது இயந்திர எழுத்து என்று கண்டுபிடிக்கும் கருவிகளையும் முழுதும் நம்ப இயலாது. சாட்ஜிபிடியை வெளியிட்ட ஓப்பன்ஏஐ நிறுவனமே, தான் உண்டாக்கிய அத்தகைய கருவியைத் துல்லியம் போதாதென்று 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது. கூகுள் நிறுவனமும், எழுதியவர் யார் என்பதைவிட எழுத்து பயனுள்ளதா என்பதையே பார்ப்பதாக 2023-இல் அறிவித்தது. பயனற்ற பக்கங்களை மொத்தமாக உற்பத்தி செய்து குவிப்பதை, எவ்வழியில் செய்தாலும் விதிமீறலாகக் கொள்வதாக 2024 மார்ச்சில் அறிவித்தது. ஆகவே, நாம் கேட்க வேண்டிய கேள்வி இதுவே: இவ்விவரத்திற்குச் சாட்சி யார்?

4. பொறுப்பு யாருடையது?

கனடாவில் நடந்த ஒரு வழக்கை இங்கு நினைக்க வேண்டும். ஏர் கனடா விமான நிறுவனத்தின் இணையதளத்தில் பயணிகளுக்கு விடை சொல்லும் இயந்திரம், துக்க காரியத்திற்குச் செல்வோருக்கான கட்டணச் சலுகையைப் பயணத்திற்குப் பின்னும் கேட்கலாம் என்று ஒரு பயணியிடம் தவறாகக் கூறிவிட்டது. நிறுவனம் சலுகை தர மறுத்து, தன் இயந்திரத்தின் சொல்லுக்குத் தான் பொறுப்பல்ல என்று வாதாடியது. 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தீர்ப்பாயம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. வட்டியும் கட்டணமும் உட்பட சுமார் 812 கனடிய டாலர் கொடுக்கும்படி உத்தரவிட்டது.

நம் நாட்டிலும், 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிக) விதிகளின்படி, விளம்பரம் பொருளின் உண்மைத் தன்மையோடு ஒத்திருக்கச் செய்வது விற்பவரின் கடமை. புவிசார் குறியீடு பெற்ற பெயர்களில் இன்னும் கவனம் வேண்டும். காஞ்சிபுரம் பட்டு 2005-இலும், ஈரோடு மஞ்சள் 2019-இலும் அக்குறியீட்டைப் பெற்றன. வேறு ஊர்ப் பட்டுக்கும் வேறு ஊர் மஞ்சளுக்கும் இப்பெயர்களை இடுவது தண்டனைக்குரிய குற்றம். இயந்திரமோ, பட்டு என்றதும் காஞ்சிபுரத்தையும் மஞ்சள் என்றதும் ஈரோட்டையும் கூசாமல் சேர்த்துவிடும்.

விவசாய அன்பர்களுக்கு ஆபத்து வேறு வகையில் வரும். பூச்சிமருந்தின் அளவையும், தெளித்தபின் அறுவடைக்குக் காத்திருக்க வேண்டிய நாட்களையும் இயந்திரத்திடம் கேட்டு, விடையை அப்படியே சங்க அறிக்கையில் வெளியிடுதல் தகாது. ஓர் எண் தவறினால் பயிர் கருகும். அல்லது உண்பவர் உடல் கெடும். மருந்துப் புட்டியின் மேல் ஒட்டிய சீட்டையும், வேளாண்மை அலுவலரையும், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரைகளையுமே நாடுக.

5. இயந்திரத்திற்கு உரிய வேலை

இவற்றால் இயந்திரத்தை விலக்கிவிட வேண்டுமென்று நான் கூறவில்லை. மெய்யான விவரத்தை நாம் கொடுத்தால், அதை ஆங்கிலத்திலோ இந்தியிலோ ஆக்கித் தரும், பிழை திருத்தும், நீண்ட சுற்றறிக்கையைச் சுருக்கும். எழுதப் பழகாத நெசவாளி வாயால் சொன்னதை எழுத்தாக்கவும் கருவிகள் உண்டு. மத்திய அரசு 2022-இல் தொடங்கிய பாஷினி, நம் மொழிகளில் பேச்சையும் எழுத்தையும் மொழிபெயர்த்துத் தரும் நோக்கமுடையது. நூலை நாம் கொடுக்க வேண்டும். இயந்திரம் அதைச் சுற்றித் தரலாம். நூலே இல்லாமல் சுற்றச் சொன்னால் வருவது வெறும் காற்று.

இன்னுமொன்று கருதத்தக்கது. இயந்திரங்கள் எழுதியவற்றையே படித்துப் பழகும் இயந்திரங்கள் தலைமுறைக்குத் தலைமுறை தரம் குன்றும் என்றும், அரிதாக வழங்குபவையே முதலில் அவற்றின் நினைவினின்று மறையும் என்றும் 2024 ஜூலையில் நேச்சர் என்னும் அறிவியல் இதழில் வெளியான ஆய்வொன்று காட்டியது. நம் ஊர்க் கரை வகைகளும், நெல் வகைகளும், அவற்றின் பெயர்களும் அரிதானவைதாமே! அவற்றை அறிந்தவர் எழுதாவிட்டால், நாளை ஒருவர் தேடும்போது அழகான பொதுச் சொற்களே கிடைக்கும்.

6. சங்கங்கள் செய்யத்தக்கவை

முதலாவது, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு விவரச் சீட்டு வேண்டும். நெசவுக்கு நூல், நம்பர், நீளம், சாயம், நெய்த நாட்கள், சலவை முறை. விளைபொருளுக்கு ரகம், நிலம், அறுவடை நாள், இட்ட உரம், தெளித்த மருந்து. இரண்டாவது, செய்தவரே சொல்ல, மற்றொருவர் எழுதி, இருவரும் ஒப்பமிட வேண்டும். மூன்றாவது, இயந்திரம் எழுதித் தந்ததைச் சீட்டோடு வரிக்கு வரி ஒப்பிட்டு, சீட்டில் இல்லாத ஒவ்வொரு சொல்லையும் அடித்துவிட வேண்டும். நான்காவது, வெளியிடுமுன் நிர்வாகக் குழுவைச் சேர்ந்த ஒருவர் படித்து ஒப்பமிட வேண்டும்.

கணக்குப் புத்தகத்தில் ரசீது இல்லாத செலவை நாம் ஏற்பதில்லை. விற்பனை விவரத்தில் சாட்சி இல்லாத சொல்லையும் அவ்வாறே ஏற்கலாகாது. அடுத்த மாதக் கூட்டத்தில் உங்கள் சங்கத்தின் விவரங்களில் மூன்றை எடுத்து, அப்பொருளைச் செய்தவர் முன்னிலையில் உரக்கப் படியுங்கள். அவர் எந்த இடத்தில் தலையசைக்கத் தயங்குகிறாரோ, அங்கிருந்து திருத்தத்தைத் தொடங்குங்கள்.