ஏற்றுமதிப் பத்திரங்களில் நேரும் பிசகுகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் புதுவையின் நீலத்துணி செனகல் நாடு சென்று, வேலம்பிசினுக்கு மாற்றாகக் கொடுக்கப்பட்டது. வாங்குவோர் அதனைத் தொட்டும் முகர்ந்தும் தரம் கண்டனர். இன்று லெட்டர் ஆஃப் கிரெடிட் என்னும் உறுதிக் கடிதத்தின்பேரில் பணம் தரும் பாங்கோ துணியைப் பார்ப்பதேயில்லை. பத்திரங்களை மட்டுமே பார்க்கிறது. நெய்தவர்க்கு இது வியப்பாகவே இருக்கும்.

சர்வதேச வர்த்தக சபையின் விதிகள் 2007 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ளன. கடிதம் "கைத்தறிப் பருத்தி லுங்கி" என்றால், விலைப்பட்டியலில் "பருத்தித் துணி" என்றெழுதுவது பிசகு. நாம் சிறப்பாகக் கவனிக்க வேண்டுவது அளவு. 1,000 மீட்டர் என்றிருப்பின், வேறு நிபந்தனை இல்லையேல், 5 சதவீதம் கூடலாம், குறையலாம். தொகை மட்டும் கடிதத்தை மீறலாகாது. 500 உருப்படி என எண்ணிக்கையால் கூறியிருப்பின் இச்சலுகை இல்லை. 501 அனுப்பினும் பிசகே. பகுதியாக அனுப்பத் தடையிருப்பின் 499-ம் பிசகே.

பத்திரங்களைப் பரிசீலிக்கப் பாங்குக்கு 5 வேலைநாட்கள் உண்டு. மறுப்பதாயின் எல்லாப் பிசகுகளையும் ஒரே அறிவிப்பில் கூறவேண்டும். கெடு மீதமிருந்தால் திருத்தி மீண்டும் தாக்கல் செய்யலாம். கப்பலேற்றத் தாமதித்த பிசகைத் திருத்த இயலாது. வாங்குவோரின் இசைவையே நாட வேண்டும். விலை சரிந்த காலத்தில் அவ்விசைவு தள்ளுபடி கேட்டே வரும். சரக்கோ நடுக்கடலில் இருக்கும், தறிக்கூலியோ இங்கே நிற்கும்.

ஆதலால் கடிதம் வந்த அன்றே சங்கக் காரியதரிசி அதனை வரிவரியாகப் படித்து, இயலாத நிபந்தனைக்குத் திருத்தம் கோரவேண்டும். வாங்குவோரின் வாய்ச்சொல் போதாது. திருத்தம் பாங்கு வழியே வந்தபின்னரே சரக்கை ஏற்றுக.