குடும்ப மரம்: எல்லாருக்கும் ஒரே கோப்பா, கிளைக்கு ஒரு கோப்பா?

என் கணினியில் என் அப்பத்தாவுக்கு இரண்டு இறந்த தேதிகள் இருந்தன. அப்பா வழிக் கோப்பில் ஒன்று, அம்மா வழிக் கோப்பில் வேறொன்று. அம்மா கட்டிக்கொண்டது தன் அத்தை மகனை. அதனால் அப்பா வழியில் அப்பத்தாவாக இருப்பவரே அம்மா வழியில் தாத்தாவின் அக்கா. இறப்புச் சான்றிதழ் கிடைத்தபோது ஒரு கோப்பில் மட்டும் திருத்தியிருந்தேன். உறவினர் ஒருவர் நினைவிலிருந்து சொன்ன தேதி மற்றதில் அப்படியே கிடந்தது. எது சரி என்று அறிய, சில வருடம் கழித்துச் சான்றிதழை மறுபடி தேட வேண்டியதாயிற்று.

க்ராம்ப்ஸ், ரூட்ஸ்மேஜிக் என எந்த மென்பொருளில் வம்சாவளியைப் பதிந்தாலும், கோப்புகளை எப்படிப் பிரிப்பது என்பதை முதலிலேயே முடிவுசெய்துவிடுவது நல்லது. மூன்று வழிகள் உண்டு.

கிளைக்கு ஒரு கோப்பு

அப்பா வழி, அம்மா வழி, மனைவி வழி என்று தனித்தனியாக வைப்பது. கோப்பு சிறியதாக இருக்கும். பெரியப்பா வீட்டார் கேட்டால் அவர்கள் பக்கத்தை மட்டும் கொடுக்கலாம்; சம்பந்தி வீட்டு விவரம் அதோடு போகாது.

இரு பக்கமும் அந்நியமான குடும்பத்துக்கு இது ஒத்துவரும். கொள்வினை கொடுப்பினை சொந்தத்துக்குள்ளேயே நடந்த குடும்பத்துக்கு ஒத்துவராது. எனக்குக் கொள்ளுத் தாத்தா, கொள்ளுப் பாட்டி என்று எட்டுப் பேர் இருக்க வேண்டும். இருப்பது ஆறு பேர்தான். அப்பத்தாவின் பெற்றோரே அம்மாவின் தாத்தா பாட்டி. அக்காள் மகளைக் கட்டியவர் வீட்டிலோ, பிள்ளைகளுக்கு ஒரே தம்பதி தாத்தா பாட்டியாகவும் கொள்ளுத் தாத்தா பாட்டியாகவும் ஆவார்கள். இப்படிப்பட்டவர்களை இரண்டு கோப்பில் பதிந்தால், ஒவ்வொரு திருத்தத்தையும் இரண்டு முறை செய்ய வேண்டும். இருவருக்கும் என்ன உறவு என்று கணக்கிடும் வசதியும் திறந்திருக்கும் கோப்புக்கு வெளியே பார்க்காது.

பின்னால் சேர்த்துக்கொள்ளலாம் என்றும் எண்ண வேண்டாம். இரட்டைப் பதிவுகளை மென்பொருள் பெரும்பாலும் பெயரையும் தேதியையும் வைத்தே தேடுகிறது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தில் ஒரே பெயர் தலைமுறை விட்டுத் தலைமுறை வரும். பழைய தலைமுறைக்குப் பிறந்த தேதியே இருக்காது. கடைசியில் ஒவ்வொருவராகப் பார்த்து நீங்கள்தான் இணைக்க வேண்டும்.

எல்லாருக்கும் ஒரே கோப்பு

ஒருவருக்கு ஒரே பதிவு. திருத்தினால் எல்லா உறவிலும் திருந்தும். சில ஆயிரம் பேர் இருந்தாலும் இன்றைய கணினிக்கு அது சுமையில்லை.

கிளைகள் குழம்பிவிடுமோ என்ற அச்சத்துக்கும் தீர்வு இருக்கிறது. க்ராம்ப்ஸில் வண்ணக் குறிச்சொற்களும் வடிகட்டிகளும் உண்டு. ரூட்ஸ்மேஜிக்கில் வண்ணமும் குழுக்களும் உண்டு. ஒரு கிளையை மட்டும் பிரித்து ஏற்றுமதி செய்யலாம். அப்போது உயிரோடு இருப்பவர்களின் விவரத்தை விலக்கிவிடலாம். கிளைக் கோப்பு தரும் வசதி இதிலேயே கிடைத்துவிடுகிறது.

உண்மையான ஆபத்து ஒன்றுதான்: ஒரு தவறான இணைப்பு முழு மரத்தையும் கெடுக்கும். அதனால் பெரிய மாற்றம் செய்யும் முன் தேதியிட்ட பிரதி எடுங்கள். கோப்பின் பெயரில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதியை எழுதினால் பிரதிகள் தாமாகவே வரிசையாக நிற்கும்.

முதன்மைக் கோப்பும் ஆய்வுக் கோப்பும்

குலதெய்வக் கோயில் பங்காளிகள் அத்தனை பேரையும் தொகுக்க நினைப்பவர்களுக்கு இது. ஒரே கோயிலுக்கு வரி கொடுக்கிறார்கள், பங்காளி என்பது ஊரறிந்தது. ஆனால் எந்தப் பாட்டனில் பிரிந்தார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை. அவர்களைத் தனிக் கோப்பில் வையுங்கள். பத்திரம், கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, மொய் நோட்டு என ஏதேனும் ஒன்று தொடர்பை உறுதிசெய்ததும் முதன்மைக் கோப்புக்குக் கொண்டுவாருங்கள். மொத்தமாக இறக்க வேண்டாம். ஒவ்வொருவராக, ஆதாரத்தோடு பதியுங்கள்.

ஒரு தேதி மட்டும் சந்தேகம் என்றால் தனிக் கோப்பு தேவையில்லை. ஒவ்வொரு சான்றும் எவ்வளவு நம்பத் தக்கது என்று குறிக்க க்ராம்ப்ஸிலேயே இடம் இருக்கிறது.

எதைத் தேர்ந்தாலும்

பெயருக்கு ஒரு விதி வையுங்கள். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. மென்பொருள் அதைக் கேட்கும். அங்கே தந்தை பெயரை இட்டு, அது தந்தை பெயர்தான் என்று வகை குறிக்க க்ராம்ப்ஸ் அனுமதிக்கிறது. பெண்களுக்குப் பிறந்த வீட்டு முதலெழுத்தோடு வரும் பெயரே மூலப் பெயர். கணவர் பெயரோடு வருவதை மாற்றுப் பெயராகச் சேருங்கள்.

மென்பொருள் மாற்றும்போது பொதுவாகக் கைகொடுப்பது ஜெட்காம் வடிவம். அமெரிக்காவின் மார்மன் திருச்சபை 1984-இல் உருவாக்கியது இது. பரவலாகப் புழங்கும் 5.5.1 பதிப்பு, புகைப்படம் இருக்கும் இடத்தை மட்டுமே குறிக்கும். படத்தை எடுத்துப் போகாது. எழுத்துமுறையாக யுடிஎஃப்-8 தேர்ந்தெடுக்காவிட்டால் தமிழ்ப் பெயர்கள் சிதைந்துவிடும். 2021-இல் வந்த 7.0 பதிப்பு யுடிஎஃப்-8 மட்டுமே ஏற்கிறது. படங்களையும் சேர்த்துக் கட்ட வழி தருகிறது. க்ராம்ப்ஸின் சொந்தப் பொதி வடிவிலும் படங்கள் கூடவே வரும்.

ஃபேமிலிசர்ச் தளத்தில் உலகத்துக்கே ஒரே மரம். இறந்தவர் பதிவைப் பெரும்பாலும் கணக்கு வைத்திருக்கும் யார் வேண்டுமானாலும் மாற்றலாம். உறவுகளைக் கண்டுபிடிக்க அது உதவும். உங்கள் மூலப் பதிவு உங்கள் கணினியில்தான் இருக்க வேண்டும்.

முடிவாக

சொந்தத்துக்குள் ஒரு திருமணமாவது நடந்த குடும்பம் என்றால் ஒரே கோப்புதான் சரி. சொந்தத்தில் திருமணமே இல்லை, இரு பக்கத்தையும் இரு வேறு ஆட்கள் பார்த்துக்கொள்கிறார்கள் என்றால் கிளைக் கோப்பு போதும். பங்காளிகளைத் தேடுகிறவர்களுக்கு முதன்மைக் கோப்போடு ஓர் ஆய்வுக் கோப்பு.

ஏற்கெனவே இரண்டு கோப்பு வைத்திருப்பவர்கள், முதலில் இரண்டுக்கும் பிரதி எடுங்கள். பிறகு வீட்டில் மூத்தவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து இணைக்கத் தொடங்குங்கள். இரண்டு பதிவும் ஒரே ஆள்தானா என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான். அவர்கள் இருக்கும்போதே செய்துவிடுங்கள்.