பள்ளியில் பையனுக்கு இடம்

திருவனந்தபுரம் சாலை பஜாரில் பூக்கட்டி விற்கும் ஒரு அம்மாவை நினைத்துக் கொள்ளுங்கள். அவருக்கு ஆறு வயதில் ஒரு மகன். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். மின்விசிறி சுற்றுவதையே பார்த்துக் கொண்டிருப்பான். வெடிச் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக் கொண்டு அழுவான். ஆனால் பஸ் நம்பர் எல்லாம் அவனுக்கு மனப்பாடம்.

"வளர்ப்பு சரியில்லை" என்று அக்கம்பக்கத்தில் பேசுகிறார்கள். அது தவறு. இதன் பெயர் ஆட்டிசம். மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு இது. தாயின் குற்றம் அல்ல. மந்திரித்தால் போகாது. தமிழில் 'மன இறுக்கம்' என்றும் சொல்கிறார்கள். அது பொருத்தமான பெயர் இல்லை. அவனுக்கும் பாசம் உண்டு. அதைக் காட்டும் விதம்தான் வேறு.

எங்கே போய்க் காட்டுவது? மருத்துவக் கல்லூரி வளாகத்தில் குழந்தை வளர்ச்சி மையம் இருக்கிறது. ஆக்குளத்தில், 1997-இல் தொடங்கிய 'நிஷ்' நிறுவனம் இருக்கிறது. சீக்கிரம் போவது நல்லது. ஆறு வயதிலும் போகலாம்.

"பள்ளியில் மலையாளம், வீட்டில் தமிழா? பையன் குழம்பிப் போவான்" என்று சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். இரண்டு மொழி கேட்பதால் ஆட்டிசம் கூடாது. அம்மா தன் மொழியில் கொஞ்சாவிட்டால் வேறு யார் கொஞ்சுவார்கள்?

"இவனை இங்கே சேர்க்க முடியாது" என்று பள்ளியில் சொன்னால்? 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. 1995-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் ஆட்டிசம் இல்லை. இதில் உண்டு. குறைபாடு 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று சான்றிதழ் வேண்டும். அது இருந்தால் 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி கிடைக்கும். பக்கத்துப் பள்ளியிலும் படிக்கலாம். சிறப்புப் பள்ளியிலும் படிக்கலாம். எது என்று சொல்லும் உரிமை பிள்ளையின் பக்கம் இருக்கிறது. மறுத்தால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் முறையிடலாம்.

சேர்த்துவிட்டு மூலையில் உட்கார வைத்தால் என்ன பயன்? உதவியும் கேட்க வேண்டும். அதை எழுதிக் கொடுங்கள். நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும். இப்படி எழுதலாம்:

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். என் மகனுக்கு ஆட்டிசம் உள்ளது. சான்றிதழின் நகலை இணைத்துள்ளேன். அவனை முதல் வகுப்பில் சேர்த்துக் கொள்ள வேண்டுகிறேன். அதிகச் சத்தம் அவனுக்கு ஆகாது. சத்தம் குறைந்த இடத்தில் உட்கார வைக்கவும். அன்றைய பாடங்களை வரிசையாகப் படத்தில் காட்டினால் அவனுக்குப் புரியும். வட்டார வள மையத்தின் சிறப்பு ஆசிரியர் வந்து உதவ ஏற்பாடு செய்யவும். சேர்க்க இயலாது என்றால் காரணத்தை எழுத்தில் தரவும்.

இப்படிக்கு,
(உங்கள் கையெழுத்து)