அஞ்சு பேர், ஒரு வேன், ஒரு பேட்டரி: கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு



ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பட்டினப்பாக்கம் பீச் பக்கம் போயிருந்தா இதைப் பார்த்திருப்பீங்க. ரோட்டோரம் ஒரு வேன் நிக்கும். பின்கதவு திறந்திருக்கும். உள்ளே ஒரு குடும்பமே உட்கார்ந்து, கடல் காத்து வாங்கிக்கிட்டு, வீட்டுல இருந்து கொண்டுவந்த புளியோதரையைச் சாப்பிட்டுக்கிட்டு இருக்கும். இன்ஜினியரிங் படிக்கிற நமக்கு உடனே ஒரு ஐடியா வரும்: "பழைய டெம்போ டிராவலர் ஒண்ணு வாங்கி, பேட்டரி, ஃபேன், ஃப்ரிட்ஜ், படுக்கை எல்லாம் போட்டு, அப்பா, அம்மா, பாட்டியோட ராமேஸ்வரம் வரைக்கும் போயிட்டு வந்தா என்ன?"

தாராளமா போகலாம். ஆனா எதை வாங்கணும்னு சொல்ற வீடியோ ஆயிரம் இருக்கு. வாங்கினதை வேனோட எப்படிச் சேர்க்கணும்னு சொல்றது ரொம்பக் கம்மி. வேன்ல ஆபத்து வர்ற இடம் பெரும்பாலும் அந்தச் சேர்ற இடம்தான்: வயர் முனை, போல்ட் ஓட்டை, தளத்துல விட்ட இடைவெளி. அதனால இந்த இதழ்ல அந்தக் கணக்கை மட்டும் போட்டுப் பார்ப்போம். கால்குலேட்டர் எடுத்து வச்சுக்கோங்க.

முதல்ல ஒரு நிஜச் சம்பவம்

நமக்கு கேரவன்னாலே ஷூட்டிங் ஸ்பாட்ல நிக்கிற பெரிய வண்டிதான் ஞாபகம் வரும். ஏ.சி. ஓடும், பக்கத்துல ஜெனரேட்டர் உறுமும். 2024 டிசம்பர்ல கேரளாவில் வடகரா பக்கம் ரோட்டோரம் நிறுத்தியிருந்த ஒரு கேரவனுக்குள்ள 2 பேர் இறந்து கிடந்தாங்க. ஏ.சி.க்காக ஓடின ஜெனரேட்டரோட கார்பன் மோனாக்சைடு, தளத்துல இருந்த ஓட்டை வழியா உள்ளே வந்ததுதான் காரணம்னு விசாரணையில தெரிஞ்சுது. அந்த வாயுவுக்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது. தூங்குறவங்களுக்குத் தெரியவே தெரியாது.

ஜெனரேட்டர் இருந்துச்சு, ஏ.சி. இருந்துச்சு, ரெண்டும் வேலை செஞ்சுது. உயிரை எடுத்தது அந்த ஓட்டை. இதை மனசுல வச்சுக்கிட்டு கணக்குக்குள்ள போவோம்.

ஒரு நாளைக்கு எவ்வளவு கரன்ட் வேணும்?

அஞ்சு பேர் இருக்கிற ஒரு வீட்டை எடுத்துக்குவோம்: அப்பா, அம்மா, பாட்டி, அண்ணன், நீங்க. பாட்டிக்கு சுகர், இன்சுலின் எடுத்துக்கிறாங்க. அதனால ஃப்ரிட்ஜ் இங்கே கூல்டிரிங்ஸுக்காக இல்ல, மருந்துக்காக. இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள்ள வைக்கணும், உறையவும் விடக் கூடாது.

12 வோல்ட் ஃபேன் 2, ஒவ்வொண்ணும் 15 வாட், 9 மணி நேரம்: 270 வாட்-ஹவர்
எல்.இ.டி. விளக்கு 3, ஒவ்வொண்ணும் 5 வாட், 5 மணி நேரம்: 75
போன் 5, ஒவ்வொண்ணுக்கும் 15: 75
லேப்டாப் ஒரு சார்ஜ்: 60
சின்ன கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் 45 வாட், நாள் முழுக்க, நம்ம ஊரு வெயில்ல பாதி நேரம் ஓடும்னு வச்சா: 540
மிக்ஸி 500 வாட், 6 நிமிஷம், இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்து: 60

மொத்தம் 1,080 வாட்-ஹவர்.

ஏ.சி. எங்கேன்னு கேட்பீங்க. 1 டன் ஏ.சி. ஓடும்போது சுமார் 1,000 வாட் இழுக்கும். ராத்திரி 8 மணி நேரத்துல கம்ப்ரசர் பாதி நேரம் ஓடினாலே 4,000 வாட்-ஹவர். மத்த எல்லாத்தையும் சேர்த்தாலும் அதுல கால்வாசிதான். அதனாலதான் ஏ.சி. வந்தா பின்னாடியே ஜெனரேட்டரும் வருது. நம்ம வேன்ல ரெண்டும் வேண்டாம். ஜன்னலைத் திறந்து கொசுவலை போட்டு, ரெண்டு ஃபேன் வச்சா போதும்.

இண்டக்‌ஷன் அடுப்பும் அதே கதைதான். 1,800 வாட் அடுப்பு 12 வோல்ட் பேட்டரியில இருந்து 150 ஆம்பியருக்கு மேல இழுக்கும். சமையலை வண்டிக்கு வெளியே வச்சுக்கோங்க.

பேட்டரி, சார்ஜ்

வீட்டுல இன்வெர்ட்டரோட பழைய டியூபுலர் பேட்டரி சும்மா கிடக்கும். "அதையே போட்டுடலாம்"னு தோணும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-ஹவர்னா 1,800 வாட்-ஹவர். ஆனா லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல காலி பண்ணினா அதோட ஆயுசு குறையும். அப்போ கையில கிடைக்கிறது 900தான், நமக்குப் பத்தாது. எடை 50 கிலோவுக்கு மேல. சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வேற வெளியே விடும். ஆட்கள் படுக்கிற இடத்துல அது கூடாது.

லித்தியம் அயர்ன் ஃபாஸ்பேட்ல 12.8 வோல்ட், 150 ஆம்பியர்-ஹவர் எடுத்தா 1,920 வாட்-ஹவர். 80 சதவீதம் பயன்படுத்தினா 1,536. ஒரு நாள் போக இன்னும் கொஞ்சம் மிச்சம். எடையும் அதுல பாதிகூட வராது. ஒரே கவனம்: இந்த பேட்டரிக்கு அதிக சூட்டுல சார்ஜ் ஏத்தக் கூடாது. வெயில்ல மூடி நிறுத்தின வேன் உள்ளே 50 டிகிரியைச் சுலபமா தாண்டும். டேட்டாஷீட்ல சார்ஜ் வெப்பநிலை என்னன்னு பார்த்துட்டு, தளத்தோட ஒட்டி, நிழலான இடத்துல வைங்க.

கூரையில 200 வாட் சோலார் போட்டா, நம்ம ஊர்ல ஒரு நாளைக்கு 5 மணி நேர முழு வெயில்னு வச்சு, சூடு, தூசி, படுக்க வச்ச பேனல்னு 30 சதவீதம் கழிச்சா 700 வாட்-ஹவர் வரும். பாக்கி 380. அதை வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டர்ல இருந்து எடுக்கலாம். நேரடியா இழுக்காதீங்க. லித்தியம் பேட்டரி கிடைச்ச அளவு ஆம்பியரை இழுத்து ஆல்டர்னேட்டரைச் சூடேத்திடும். நடுவுல 20 ஆம்பியர் டி.சி.-டி.சி. சார்ஜர் ஒண்ணு போடுங்க. மணிக்கு சுமார் 270 வாட்-ஹவர் ஏறும். ஒன்றரை மணி நேர ஓட்டம் போதும்.

ஐப்பசி மழையில சோலார் 200தான் குடுத்துச்சுன்னா? 880 பாக்கி, மூணேகால் மணி நேரம் ஓட்டணும். பட்டினப்பாக்கத்துல இருந்து ஈ.சி.ஆர். வழியா புதுச்சேரி போற நேரம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். கணக்கு சரியா வருது பாருங்க.

வயர்தான் சூடாகும்

இப்போ இ.இ.இ. பசங்க நிமிர்ந்து உட்காருங்க. 1,000 வாட் இன்வெர்ட்டர் முழு லோடுல, 85 சதவீதத் திறன்ல, 12 வோல்ட்ல இருந்து சுமார் 98 ஆம்பியர் இழுக்கும். அதே 1,000 வாட்டுக்கு வீட்டு 230 வோல்ட்ல நாலரை ஆம்பியருக்கும் கம்மிதான்.

வீட்டுல ஏ.சி. லைனுக்குப் போட்ட 4 சதுர மி.மீ. வயர் மிச்சம் இருக்குன்னு அதையே போட்டா என்ன ஆகும்? பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவுல ஒன்றரை மீட்டர், போக வர 3 மீட்டர். தாமிரத்தோட மின்தடையை வச்சுப் போட்டா 0.0129 ஓம். ஆம்பியரோட வர்க்கத்தால பெருக்கினா 124 வாட். அந்த வெப்பம் முழுக்க வயருக்குள்ளேயே. லேப்ல இருக்கிற 25 வாட் சால்டரிங் அயர்ன் அஞ்சை ஆன் பண்ணி பாட்டி சீட்டுக்கு அடியில வச்ச மாதிரி. 25 சதுர மி.மீ. வயர் போட்டா அதே இடத்துல 20 வாட்தான்.

அடுத்தது ஃபியூஸ். ஃபியூஸ் காப்பாத்துறது வயரை. அதனால பேட்டரியோட பாசிட்டிவ் முனைக்கு ஒரு சாண் தூரத்துக்குள்ள இருக்கணும். இன்வெர்ட்டர் பக்கம் போட்டா, நடுவுல வயர் உரசி ஷார்ட் ஆகும்போது அது எதையும் தடுக்காது. தகட்டுல ஓட்டை போட்டு வயர் விடுற ஒவ்வொரு இடத்துலயும் ரப்பர் குரோமெட் போடுங்க. வண்டி நாள் முழுக்க அதிரும், தகடு விளிம்பு கத்தி மாதிரி. வேலை முடிஞ்சதும் மிச்சம் இருக்கிற ஓட்டை, இடைவெளி எல்லாத்தையும் சீலன்ட் வச்சு அடைச்சுடுங்க. வடகராவை மறக்காதீங்க.

சீட்: ஓடும்போது ஒண்ணு, நிக்கும்போது ஒண்ணு

இப்போ மெக்கானிக்கல் பசங்க. பிளைவுட்ல நீள பெஞ்ச் அடிச்சு, மேலே மெத்தை, கீழே ஸ்டோரேஜ். பார்க்க அழகா இருக்கும். வண்டி 50 கி.மீ. வேகத்துல போய் எதுலயாவது மோதி 0.1 விநாடியில நின்னா என்ன ஆகும்? வேகம் விநாடிக்கு 14 மீட்டர், அப்போ வேகக்குறைவு 140. 50 கிலோ பாட்டி மேல 7,000 நியூட்டன், அதாவது 700 கிலோ எடைக்குச் சமமான விசை. கட்டாம வச்ச 20 கிலோ பேட்டரி 285 கிலோ மாதிரி முன்னாடி பாயும். மர ஸ்க்ரூவும் எல்-கிளாம்ப்பும் இதைத் தாங்காது. அம்மா கையால பிடிச்சுக்குவாங்கன்னு நினைக்கவே வேண்டாம்.

"பெரிய போல்ட் போட்டுடலாம்" அப்படின்னா, போல்ட் என்னிக்குமே பிரச்சினை இல்ல. 8.8 கிரேடு எம்10 போல்ட் ஒண்ணு 3 டன்னுக்கு மேல இழுவை தாங்கும். கிழியுறது போல்ட்டைச் சுத்தி இருக்கிற 1 மி.மீ. தளத் தகடு. பேப்பர்ல பின் குத்தி இழுத்துப் பாருங்க, பின் அப்படியே இருக்கும்.

அதனால எளிய வழி: கம்பெனி போட்ட சீட்டைக் கழட்டாதீங்க. டிரைவர் சீட்ல அப்பா, பக்கத்துல அண்ணன், முதல் வரிசையில அம்மா, பாட்டி, நீங்க. அஞ்சும் முன்னாடி பார்த்த சீட், பெல்ட்டோட. ஓடும்போது அஞ்சு பேரும் அங்கே மட்டும்தான். பின்னாடி அடிக்கிற பெஞ்ச், படுக்கை எல்லாம் வண்டி நின்ன பிறகு. பக்கவாட்டு பெஞ்ச்ல பெல்ட் போட்டாலும், மோதும்போது உடம்பு இடுப்புல பக்கவாட்டா ஒடியும். அது பயணம் பண்ற இடமே இல்ல. பேட்டரிப் பெட்டியை ரெண்டு அச்சுக்கும் நடுவுல, தளத்துக்குக் கீழே கனமான தகடு வச்சு போல்ட் பண்ணி, மேலே பட்டையால கட்டுங்க.

பாட்டிக்காக இன்னும் ரெண்டு: கதவுகிட்ட ஒரு மடிப்புப் படி, பிடிச்சு ஏற ஒரு கைப்பிடி. பேட்டரி, சோலார் எல்லாத்தையும்விட பாட்டி இதைத்தான் பாராட்டுவாங்க.

உப்புக் காத்து

சீனிவாசபுரம் பக்கம் பழைய குடியிருப்புகளைப் பார்த்திருப்பீங்க. காரை பெயர்ந்து, உள்ளே கம்பி துருப்பிடிச்சு வெளியே தெரியும். அதே காத்துதான் உங்க வேன்லயும் வீசப் போகுது. அது முதல்ல கடிக்கிறது இணைப்பை. வயர் லக்ல பச்சை பூத்தா மின்தடை ஏறும், மின்தடை ஏறினா அங்கேயே சூடு. அலுமினியம் ஃபிரேமை ஸ்டீல் போல்ட்டால கூரையில நேரா முடுக்கினா, உப்பு ஈரத்துல அலுமினியம் அரிக்கும். தகரம் பூசின தாமிர வயர், ஹீட் ஷ்ரிங்க், ரெண்டு உலோகத்துக்கும் நடுவுல நைலான் வாஷர். மாசம் ஒரு தடவை எல்லா முனையையும் கையால அசைச்சுப் பாருங்க.

ஆர்.டி.ஓ. வேலை முதல் வேலை

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: கம்பெனி ஒரிஜினல் அமைப்புக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதிப்படுத்துச்சு. சீட் எண்ணிக்கை ஆர்.சி.யில இருக்கு, அதனால பின் வரிசைகளைக் கழட்டுறதுக்கு முன்னாடியே அனுமதி வாங்கணும். இல்லைன்னா இன்ஷூரன்ஸ் கிளெய்மும் சிக்கலாகும். மோட்டார் கேரவனுக்குன்னே ஏ.ஐ.எஸ். 124னு ஒரு தரநிலை இருக்கு. வாகனச் சோதனை மையமும் தூரத்துல இல்ல, ஒரகடத்துலயே இருக்கு. ஸ்க்ரூடிரைவரைத் தொடுறதுக்கு முன்னாடி வரைபடத்தோட மந்தைவெளி ஆர்.டி.ஓ. ஆபீஸ் போய் ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

இந்த வாரம் ஹோம்வொர்க்

வேன் வாங்காமலே செய்யலாம். ஒரு பேப்பர்ல மூணு பட்டியல்: உங்க வீட்டு ஆட்களுக்கு ஒரு நாளைக்கு எத்தனை வாட்-ஹவர், ஓடும்போது யார் எந்த சீட், எந்த எந்த இடத்துல ஓட்டை போடப் போறீங்க. மூணாவது பட்டியல் எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது. அதை உங்க அம்மாகிட்ட காட்டுங்க. நாம விட்ட ஏதாவது ஒண்ணை அவங்க கட்டாயம் கண்டுபிடிப்பாங்க.

கணக்கு சரியா வந்தா, ஒரு ஞாயித்துக்கிழமை பட்டினப்பாக்கத்துல பார்ப்போம். புளியோதரை கொண்டு வாங்க!