இலை வழியே சத்து: அன்னாசி சொல்லும் பாடம்

மாணவர்களே, தாவரங்களின் வேர்தான் மண்ணிலிருந்து கனிமச் சத்துகளை உறிஞ்சுகிறது என்று படித்திருக்கிறோம். அப்படியென்றால், ஜொகூர் மாநிலத்தின் பொந்தியான் வட்டார அன்னாசித் தோட்டங்களில் செம்புச் சத்தை ஏன் இலையின் மேல் தெளிக்கிறார்கள்?

காரணம் அங்குள்ள மண். மலாயில் ‘தானா கம்புட்’ எனப்படும் இந்தக் கறுப்பு மண், சதுப்பு நீரில் செடிகொடிகள் முழுதாக மட்காமல் சேர்ந்து உருவானது. கிள்ளானுக்குத் தெற்கே கோலலங்காட்டிலும் இது உண்டு. இதன் பி.எச் அளவு ஏறக்குறைய 3 முதல் 4 வரை, அமிலத்தன்மை அதிகம். இம்மண்ணில் செம்பு குறைவு. உரமாகப் போட்டாலும், மட்கிய பொருள்கள் செம்பு அயனிகளை இறுகப் பிடித்துக்கொள்ளும். வேருக்குக் கிடைப்பது சொற்பமே. எனவே செம்பு, துத்தநாகம், இரும்பு ஆகியவற்றின் சல்பேட்டுகளை நீரில் கரைத்து இலையில் தெளிக்கிறார்கள்.

அவை இலைக்குள் எப்படி நுழைகின்றன? இலையின் மேல் ‘கியூட்டிகிள்’ என்னும் மெழுகுப் படலம் இருக்கிறது. அது நீரிழப்பைத் தடுக்கும். ஆனால் முழு அடைப்பன்று. அதிலுள்ள மிக நுண்ணிய வழிகள் மூலமும் இலைத்துளைகள் மூலமும் கரைந்த அயனிகள் உள்ளே பரவுகின்றன. துளி ஈரமாக இருக்கும்வரைதான் இது நடக்கும். அதனால் அதிகாலையில் அல்லது மாலையில் தெளிப்பது நல்லது. நண்பகலில் தெளித்தால் நீர் விரைவில் ஆவியாகி, உப்பின் செறிவு கூடி, இலை கருகும். அன்னாசிக்கு இன்னொரு வசதியும் உண்டு: புனல்போல் அமைந்த அதன் இலைகள் கரைசலை அடிப்பகுதியில் தேக்கி வைக்கும்.

அப்படியானால் எல்லா உரத்தையும் தெளித்தே கொடுத்துவிடலாமா? முடியாது. செம்பு போன்ற நுண்சத்துகள் மிகச் சிறிதளவே தேவை. நைட்ரஜனும் பொட்டாசியமும் நிறையத் தேவை. அவ்வளவையும் ஒரே தெளிப்பில் கொடுத்தால் இலை தாங்காது. ஆகவே, இலைத் தெளிப்பு வேருக்குத் துணையே தவிர, மாற்று அல்ல. எந்தச் சத்து குறைகிறது என்று அறியாமல் தெளித்தால் பணமும் வீண், செடியும் கெடும்.

சிந்தித்துப் பாருங்கள்:

1. பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீடொன்றின் தொட்டியில் கறிவேப்பிலைச் செடி வளர்கிறது. முதிர்ந்த இலைகள் பச்சையாக உள்ளன. இளம் இலைகள் மட்டும் மஞ்சளாகி, அவற்றின் நரம்புகள் பச்சையாகத் தெரிகின்றன. குறைவது இரும்பா, நைட்ரஜனா? (குறிப்பு: நைட்ரஜன் முதிர்ந்த இலையிலிருந்து இளம் இலைக்கு நகரும், இரும்பு எளிதில் நகராது.)

2. இரும்புச் சத்தை ஒருமுறை தெளித்த பின், புதிதாக வரும் இலைகளுக்காக மீண்டும் தெளிக்க வேண்டியிருப்பது ஏன்?

விடைகளைக் காரணத்துடன் எழுதி, உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள்.